அச்சில்

செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடை மாடி.
இரண்டாம் சனிக்கிழமை, ஆறரைக்கு மேல்.
கீழே இயந்திரம் ஆதார் அட்டைகளை
முன்னும் பின்னுமாய்ப் பெற்றுப் போட்டுக்கொண்டிருக்க
மேலே நாங்கள் ஐந்து பேர்.
"இப்ப என்ன ஓடுது?" என்று ஆரம்பிப்போம்,
சினிமாக் கொட்டகையை விசாரிப்பது போல.

உமையாள் மூன்று மாதமாய் ஒரே நாவலில் குடியிருக்கிறாள்.
இன்னும் நாற்பது பக்கம்.
"முடிச்சா அந்த வீட்டை விட்டுக் கெளம்பணுமே."
வங்கியில் அவள் நோட்டை இந்த வேகத்தில் எண்ணினால்
வரிசை ரயிலடி வரை போகும்.

அடைக்கலம், மின்வாரிய லைன்மேன்,
துப்பறியும் கதை தவிர எதையும் தொடமாட்டார்.
எழுபதாம் பக்கத்திலேயே ஆளைப் பிடித்து
ஓரத்தில் பென்சிலால் பேர் எழுதிவிடுவார்.
அவருக்குப் பின் இரவல் வாங்குகிறவர்கள்
கட்டைவிரலால் ஓரத்தை மறைத்தபடி படிக்கவேண்டும்.
சமயத்தில் அவர் எழுதிய பேர் தப்பு.
அது கதையில் இல்லாத திருப்பம்.

சகாயமேரி டீச்சருக்குக் கைப்பிள்ளை.
"முந்நூறு கிராமுக்கு மேல வேண்டாம்,
ஒரு கையில பிடிக்கணும்" என்று
புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தே வாங்குகிறார்.

நான் மருந்துக்கடை.
ஆள் வராத மத்தியானங்களில்
கல்லாவுக்குக் கீழே ஒரு மொழிபெயர்ப்பு நாவல்.
பேரெல்லாம் வாயில் நுழையவில்லை.
மாத்திரையைப் போல
முதல் மூன்று எழுத்தை வைத்து ஆளை அடையாளம் பார்க்கிறேன்.

கடைக்காரர் சிக்கந்தர்தான்
வரப்போகிற புத்தகங்களுக்குக் கணக்குப்பிள்ளை.
பாழான பிரதியின் பின்பக்கத்தில் பட்டியல்.
அதில் முதல் வரி மட்டும் இரண்டு வருடமாய் அழியவில்லை:
அந்த மூன்றாம் பாகம்.
பொங்கலுக்கு என்றார்கள். பிறகு ஆடிக்கு.
பிறகு 'அச்சில்'.
அந்தச் சொல்லை நம்பிக் கெட்டவர்கள் நாங்கள்.

இரண்டாம் பாகத்தின் கடைசியில்
நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தம்பி
பினாங்கில் இறங்கினானா, திரும்பினானா?
திரும்புவான் என்று மூன்று பேர்.
மாட்டான் என்று நானும் அடைக்கலமும்.
தோற்றவர்கள் வெள்ளைப் பணியாரம் வாங்கவேண்டும்,
காரச் சட்னியோடு.

போன மாதம் பார்சல் வந்தது.
ஐந்து கேட்டிருந்தோம்.
ஒன்று இருந்தது.
மீதி அடுத்த மாதம் என்று ஒரு துண்டுச்சீட்டு.

யாரும் வாய் திறக்கவில்லை.
நாகரிகம் கொஞ்ச நேரம் தாங்கியது.
அப்புறம் சிக்கந்தர் பைண்டிங் கத்தியோடு வந்தார்.
"பசை போட்டு ஒட்டினதுதானே,
பிரிச்சுட்டுத் திருப்பி ஒட்டித் தர்றேன்."
உமையாள் கண்ணை மூடிக்கொண்டாள்.
முதுகோடு கத்தி இறங்கிய சத்தம்
பச்சைப் பாக்கு நறுக்குவது போல் இருந்தது.
ஐந்து துண்டு. சீட்டுக் குலுக்கினோம்.

எனக்கு நடுத்துண்டு.
'என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்'
என்று ஆரம்பிக்கிறது.
எவள்? என்ன சொன்னாள்?
ராத்திரி முழுக்கச் சாத்திய கதவுக்கு வெளியே நின்றேன்.

காலையில் கழனிவாசல் பக்கம்
கம்பத்தின் உச்சியில் அடைக்கலம்.
கீழிருந்து கத்தினேன்: "அவ யாரு?"
மேலிருந்து கட்டிங் பிளேயர் ஆடியது:
"அண்ணி! நகையெல்லாம் எடுத்துக்கிட்டா!"
இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை நிறுத்தி
"எந்தத் தெரு?" என்று கேட்டார்.

இந்தச் சனிக்கிழமை நாலு துண்டும் வந்துவிட்டன.
ஆளுக்கொரு கதையைச் சொல்லி
சண்டை போட்டு, முன்னுக்குப் பின் அடுக்கி
கப்பலைத் துறைமுகம் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டோம்.
கடைசித் துண்டு உமையாளிடம்.

எல்லாரும் அவளைப் பார்க்கிறோம்.
அவள் பைக்குள் கையைவிட்டு
அந்தப் பழைய நாவலை எடுக்கிறாள்.
"இதுல இன்னும் முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கு,
இதை முடிச்சுட்டுத்தானே அதைத் தொடமுடியும்?"

சிக்கந்தர் பசை டப்பாவை மூடுகிறார்.
பணியாரத்துக்கு யார் காசு கொடுப்பது என்று தெரியாமல்
எல்லாரும் சட்டைப்பையைத் தடவுகிறோம்.