இடப்பக்கம் இழுக்கும்

புது கேம் வந்த அன்றைக்கே வாங்குகிறவர்களை
எனக்குத் தெரியும்.
மாசியிலேயே மாம்பழம் தேடுகிறவர்கள்.
நான் ஆனி வரை பொறுப்பவள்.
ஆனியில் அதே பழம் தள்ளுவண்டியில் சீப்படும்,
அதே கேம் அறுநூறுக்கு இறங்கிவிடும்,
பிழைகளையெல்லாம் வேறு யாரோ முட்டி மோதிச்
சரிசெய்ய வைத்த பிறகு.

ரிச்சி தெருவில் இரண்டாவது மாடி.
படிக்கட்டு முழுக்கச் சால்டரிங் வாசனை.
காஜா முகைதீன் டிஸ்க்கை டியூப்லைட்டுக்குச் சாய்த்துக் காட்டுவார்,
"கீறல் இருக்கு, ஆனா ஓடும்."
நான் கீறலுக்கு ஐம்பது குறைப்பேன்,
உறை கிழிந்ததற்கு முப்பது.
உள்ளட்டையில் யாரோ பேனாவால்
"ரோஷன் தவிர யாரும் தொடாதீங்க" என்று எழுதியிருந்ததற்கு
ஒன்றும் குறைக்கவில்லை.

கன்ட்ரோலர் அவர் சும்மா கொடுத்தது.
சும்மா என்றால் இருநூறு.
"கை வச்சா ஒழுங்கா நிக்கும்,
கை எடுத்தா இடப்பக்கம் இழுக்கும்.
குச்சிய மாத்தணும்னா முந்நூத்தம்பது."
பிங்க் பஸ் வரும்வரை
மூன்று டீலக்ஸை விட்டுவிட்டு நிற்கிறவளிடம்
கேட்கிற தொகையா அது?

நோட்டில் வலப்பக்கம் ரூபாய், இடப்பக்கம் மணி.
அறுநூறு ரூபாய், நூற்று நாற்பது மணி:
மணிக்கு நாலு ரூபாய் இருபத்தெட்டு காசு.
எங்கள் ஸ்கேன் சென்டர் வாசலில் டீ பதினைந்து,
மூன்று வாயில் முடிந்துபோகும்.
"கரண்டைச் சேர்க்கலையே" என்றாள் பில்லிங் ரெஜினா.
சேர்த்தேன்.
ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாமலிருக்க
மே மாதம் ஏசியா கேமா என்று வந்தது.
வேர்வையில் வாள் வழுக்கியது, அவ்வளவுதான்.

எனக்குச் சில கருத்துகள் உண்டு. யாரும் கேட்டதில்லை.
நடுவில் நிறுத்திவைக்க முடியாத கேமைச் செய்தவன்
தண்ணீர் லாரி வரும் தெருவில் குடியிருந்ததில்லை.
குதிரைக்குச் சட்டை விற்கிறவர்களுக்கு
பத்து பைசா தரமாட்டேன்.
கடைசி அரக்கன் செத்ததும் ஓடுகிற பெயர்களை
முழுக்கப் பார்ப்பது மரியாதை:
எந்த ஊரிலோ ஒருவர்
புல்லை மட்டும் வரைந்திருக்கிறார்.

போன வியாழன் ராத்திரி ஒன்பதே முக்கால்.
கொளத்தூர் எங்கள் தெருமுனையில் லாரி ஹாரன்.
குடங்களோடு ஓடினேன், நிறுத்திவைக்க மறந்து.
வரிசையில் பத்மாசனிக்கும் எனக்கும்
ஒரு குடத்துக்கு இரண்டு தெரு கேட்கிற சண்டை.
ஜெயித்தது அவள்தான்.

திரும்பி வந்தால் திரையில் கடல்.

கை எடுத்த நேரத்திலிருந்து
என் வீரன் இடப்பக்கமாகவே நடந்திருக்கிறான்.
சந்தை, பாலம், சோளக்காடு எல்லாம் கடந்து,
நூற்று நாற்பது மணியில் நான் ஒருதரமும்
எட்டிப்பார்க்காத ஓரத்துக்கு.
வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயரில்லை.
புதையல் பெட்டி இல்லை, எதிரி இல்லை,
பேசி உயிரை எடுக்க ஒரு கிழவனும் இல்லை.
மணலில் கவிழ்த்துப்போட்ட படகு ஒன்று.
பழைய டிவியின் ஒற்றை ஸ்பீக்கரில்
கரகரவென்று அலை.
மெரினாவுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது,
அதுவும் இலவசம்தான்.

நனைந்த நைட்டியோடு தரையில் உட்கார்ந்தேன்.
சண்டை போடவில்லை, எதையும் சேகரிக்கவில்லை.
இருபது நிமிஷம் இருக்கும்;
நோட்டில் அதை எந்தப் பக்கம் எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.
அவன் மேலும் இடப்பக்கம்,
தண்ணீருக்குள் போகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
போய்விடாதபடி
குச்சியின் மேல் கட்டைவிரலை
லேசாக வலப்பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன்.