லாட் 417

இரவு ஷிஃப்ட். பாயான் லெப்பாஸ்.
தட்டுக்கு ஐம்பது அம்புமுனைகள்,
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.
பறக்கையில் சிறகொடுக்கிய வௌவால்.
தொட்ட பிறகுதான் விரியும்
இரண்டு அலகும்,
இரண்டு அங்குலம்.

விரிகிறதா என்று பார்ப்பது என் வேலை.

இழுத்துக் கட்டிய மாட்டுத்தோலில் அழுத்துவேன்.
டிக்.
திறந்தது. பச்சை.
டிக்.
பச்சை.
அதுவரை அலகை அடக்கி வைத்திருப்பது
ஒரு ரப்பர் வளையம்,
பள்ளிக்கூடப் பிள்ளை சடைநுனியில் போடுவாளே,
அதைவிடச் சின்னது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்.
சரிதான்.
அம்புக்குப் பச்சை முத்திரை வைத்தவளைப் பற்றிப்
பழமொழியில் ஒன்றுமில்லை.

அட்டைப்பெட்டி மேல் ஒரு மான்,
கிளைகிளையாய்க் கொம்பு.
கீழே விஸ்கான்சின் என்று முகவரி.
அது எங்கே என்று நோராய்னியைக் கேட்டேன்.
"பனி விழும் ஊர். ரப்பர் இறுகிப்போகும்."
வளையப் பிரிவுக்காரி,
உலகத்தை ரப்பராகத்தான் பார்ப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டேன் என்றேன்.
விரதநாளில் இதைத் தொடுவதா.
ஓவர்டைம் காசு தேவைப்பட்டதும்
அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

லாட் 417.
ஐம்பதில் மூன்று திறக்கவில்லை.
சாய்வாகப் பட்டதும் அலகு மடங்கியபடியே
ஆணி மாதிரி உள்ளே போனது.
சின்னத் துளை.

சூப்பர்வைசர் கூ வந்து நின்றார்.
"மூணுதானே, பவளா.
காலையில கன்டெய்னர் ஏறணும்."

துளை சின்னதென்றால் நல்லதுதானே
என்று எனக்குள் ஒருத்தி கேட்டாள்,
பழைய வெள்ளிக்கிழமைக்காரி.

இல்லையடி.
சின்னத் துளையோடு அது ஓடும்.
ரத்தம் சொட்டாது, தடம் தெரியாது,
தேடுகிறவன் அலுத்து வீட்டுக்குப் போவான்,
அது பனியில் மூன்று நாள்
படுத்துப் படுத்து எழும்.
விரிந்திருந்தால் நூறு கஜம்.
அவ்வளவுதான் ஓட்டம்.

இதற்குக் கருணை என்று பேர் வைக்க
எனக்கு வாய் வரவில்லை.
சிவப்பு முத்திரையை எடுத்தேன்.
மை காய்ந்திருந்தது.
எச்சில் தொட்டு அழுத்தினேன்.

மாதக் கடைசியில்
அலவன்ஸில் ஐம்பது வெள்ளி குறைந்தது.
அது பிறகு.

அன்று விடியற்காலை மூன்று மணிக்கு
கேன்டீன் பின்னால் தே ஓ குடிக்கப் போனேன்.
குப்பைத்தொட்டியைச் சாய்த்துப் போட்டு
ஒரு காட்டுப்பன்றி,
முதுகில் வரி விழுந்த நான்கு குட்டிகள்,
நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தன.
தாய் தலை தூக்கியது.
முன்காலுக்குச் சற்றுப் பின்னால்
விலாவில் ஓர் இடம்
மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

அளவெடுத்துவிட்டது கண்.
நான் கேட்கவேயில்லை,
இரண்டு அங்குலம் என்றது.

கிளாஸை மதில்மேல் வைத்துவிட்டுக்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
குட்டிகள் தின்று முடிக்க நேரமாயிற்று.
தே ஓ ஆறிப்போயிருந்தது.