எட்டு மணி விசில்

காலை ஐந்து முதல் எட்டரை,
மாலை நான்கு முதல் எட்டு.
எல்லீஸ் நகர்ப் பூங்காப் பலகையில்
கடைசி எட்டை மட்டும் யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.
சாவி என் இடுப்பில். எனக்குப் பலகை வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு
மண்டல அலுவலகத்தின் அனுமதிச் சீட்டு வந்தது.
மனு, அந்தோணி ரூபன் பெயரில். நாற்பது பேர்.
சமையல் கிடையாது, பொட்டலம்தான்.
ஒலிபெருக்கி கிடையாது.
அதற்குக் கீழே பேனாவில்,
'சத்தமே வராது சார்.'
முத்திரை குத்தியவர் சிரித்திருப்பார்.
நானும் சிரித்தேன்.
மதுரைக்காரர்கள் நாற்பது பேர், சத்தம் வராதாம்.

வந்தார்கள்.
புளியோதரை, அவித்த முட்டை, ஒரு கேன் மோர்.
சறுக்குமரத்துப் பக்கம் வட்டமாக உட்கார்ந்து
எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்,
விரல்களால்.
ஒருத்தி என்னவோ சொல்ல வர
பக்கத்திலிருந்தவள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.
வாயைப் பொத்துவது அப்படித்தான் போல.

எட்டுக்கு விசில் அடித்தேன்.
நடைப்பயிற்சிக்காரர்கள் செருப்பைத் தேடினார்கள்.
மறுபடி அடித்ததில்
வேம்பில் அடைந்திருந்த காக்கா பறந்தது.
அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

விளக்கை அணைத்தால் புரிந்துகொள்வார்கள்.
மெயின் சுவிட்சில் கை வைத்துவிட்டேன்.
அந்நேரம் பார்த்து ஒருவன்
இரண்டு கையையும் அகல விரித்தான்.
மீன்தான். வண்டியூர்க் கண்மாயில் பிடித்ததாக இருக்கும்.
யாரும் நம்பவில்லை.
இன்னும் விரித்தான்.

கேட்டைச் சாத்திவிட்டு
உள்பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.
பதிவேட்டில், 'மணி எட்டு. பூட்டியாச்சு.'
மீன் அளவு முடிவாகும்போது
எட்டு நாற்பது.