பூஜ்யம் புள்ளி இரண்டு மீட்டர்

இந்தத் தீவுக்குக் கோடை வருவதில்லை.
வாடகைக்கு வந்து காலி செய்யாத ஆளாக
அது இங்கேயே இருக்கிறது.
ஆனாலும் ஜூன் மாதம் விடியுமுன்
கடல் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு
வெகுதூரம் போய்விடும் சில நாட்கள் உண்டு.
நான் கோடை என்பது அவற்றைத்தான்.

இரவு வேலை ஐந்து மணிக்கு முடிகிறது.
பெட்டிகள் சுற்றிய வார்பட்டை
காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்க
ரொஸ்னாவும் நானும் சாங்கிக் கடற்கரையில்
சப்பாத்தைக் கழற்றி
ரப்பர் பூட்ஸ் மாட்டுகிறோம்.
கைப்பேசியில் ஓதக் கணக்கு:
பூஜ்யம் புள்ளி இரண்டு மீட்டர்.
சம்பளம் ஏறியதுபோல் சிரிக்கிறாள்.

முதலில் வெறும் மணல்.
பிறகு மணல் நகர்கிறது.
பட்டாணியளவு நண்டுகள்
உருண்டை உருண்டையாய் உருட்டிப் போடுகின்றன,
யார் வீட்டிலோ இன்றைக்கே
சீடை பொரித்தாக வேண்டும்.
காலடி கேட்டால் அத்தனையும் உள்ளே.
அசையாமல் நின்றால்
ஒவ்வொன்றாய்க் கண்ணை மட்டும் நீட்டும்.
நிற்கிறோம்.
கொசு கடிக்கிறது.
நிற்கிறோம்.

அலவன், என்றேன் அவளிடம், பழைய சொல்.
கெத்தாம், என்றாள்.
இரண்டுக்கும் அது திரும்பவில்லை.

நெய்தலுக்கு இரங்கல் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான்.
இங்கே வந்தால் எனக்குப் பசிதான் வருகிறது.

சரக்கு விமானம் ஒன்று
சக்கரங்களை நீட்டியபடி தலைக்குமேல் இறங்குகிறது.
தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கவில்லை
சாம்பல் நாரை.

பாசி என்று தாண்டப் போனது வலை.
வலைக்குள் மல்லாந்து
ஒரு குதிரைலாட நண்டு.
பத்துக் கால்களும் காற்றை மிதித்துக்கொண்டிருந்தன,
பெட்டியே வராமல் ஓடும் வார்பட்டையைப்போல.

வாலைப் பிடிக்காதே!
பின்னால் தூண்டிலும் வாளியுமாய் ஹொக் செங்.
மூன்று மாதமாய்த் தலையசைப்போடு சரி,
பேசியது இன்றுதான்.
சட்டைப்பையைத் துழாவி
ஒரு நகவெட்டி எடுத்தார்.

ரொஸ்னா விளக்குப் பிடித்தாள்.
நான் ஓட்டின் இரு விளிம்பையும்.
அவர் கண்ணி கண்ணியாக நறுக்கினார்,
டிக், டிக்,
தூங்கும் குழந்தைக்கு நகம் வெட்டும் பொறுமையில்.
நாற்பதுவரை எண்ணினேன்.
தெக்கோங் தீவின் பின்னால் வெளுத்துவிட்டது.

திருப்பி வைத்ததும் ஓடும் என்றிருந்தேன்.
ஓடவில்லை.
நாங்கள் மூவரும் இல்லாததுபோலக்
கொஞ்ச நேரம் கிடந்தது.
பிறகு மணலைச் சற்றே உழுது,
எதையோ வைத்துவிட்டு வந்த நினைப்பில்
அரைவட்டம் அடித்து,
நீர்வரை ஒரே கோடாக
இழுத்துக்கொண்டு போனது.
எங்கிருந்து, எங்கே என்று
சீட்டு ஒட்டாத உருப்படி.

வலையை வாளிக்குள் திணித்தார் ஹொக் செங்.
இன்றைக்கு மீன் இல்லை, என்றார்,
நிறையப் பிடித்தவர் குரலில்.

கெத்தாப்பாங் மரத்தில் இரண்டு இருவாசிகள்
ஒரே பழத்துக்குச் சண்டையிட்டு
அதைக் கீழே போட்டன.
ஓதம் கணுக்காலுக்கு வந்திருந்தது.
நண்டுகளின் சீடையெல்லாம் கரைந்து
வெறும் கரை.

நாசி லெமாக் தின்று
இரண்டாம் எண் பேருந்தில் ஏறி
அட்டையைத் தேடினால்
கையில் தட்டுப்படுகிறது நகவெட்டி.
பல்லிடுக்கில் ஓர் இழை, பச்சை நிறத்தில்.

ரொஸ்னா ஏற்கெனவே கைப்பேசியைப் பார்க்கிறாள்.
நாளைக்குத் தண்ணீர்
புள்ளி மூன்று.