முப்பத்தேழாம் பகுதியில் நான் செத்தது

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு நான் செத்துப்போனேன்.
விளம்பரத்துக்கு முன்னால் நெஞ்சில் குண்டு,
விளம்பரத்துக்குப் பின்னால் வசனம்.
ஊறுகாய், பெயின்ட், முட்டிவலித் தைலம்
எல்லாம் முடிகிறவரை
என் உயிர் போகாமல் காத்துக்கொண்டிருந்தது.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் பெண்சாதி
கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.
“சாவும்போதாச்சும் நாலு வார்த்த பேசினியே.”

நாவலில் நான் சாகவில்லை.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
டின் பால் திருடிய தணிகாசலம் நான்தான்.
பெயரைக்கூட மாற்றவில்லை ஏகாம்பரம்.
எங்கள் கம்பெனியின் ஹவில்தார் கிளார்க்.
லீவும் சம்பளமும் சாவுத் தந்தியும்
அவன் கையெழுத்தில்தான் வரும்.
அந்த டப்பாவைத் திறந்தது அவன் பேனாக்கத்தி.
நக்கியது ரெண்டு பேரும்.
எழுதியது அவன், அதனால் திருடன் நான்.

பரவாயில்லை, நல்ல நாவல்.
சண்டை அதில் நாலே பக்கம்.
மிச்சமெல்லாம் உருளைக்கிழங்கு உரிப்பது,
கக்கூஸ் குழி வெட்டுவது,
சாக்ஸ் காயவில்லை, தபால் வரவில்லை.
மே மாதம் மொட்டைமாடியில் உட்கார்ந்து படித்தேன்.
கால்விரல் மரத்துப்போனது.

தொடருக்கு அதெல்லாம் போதாதாம்.
பாலமதி மலையில் பாறை பாறையாகத்
தெர்மாகோல் தூவினார்கள்.
கம்மவான்பேட்டையிலிருந்து ரெண்டு வேன் ஆள்.
எங்கள் ஊரில் மீசைக்கும் சம்மர் கிராப்புக்கும் பஞ்சமில்லை,
துப்பாக்கி மட்டும்தான் வாடகை.
நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில்
கம்பளிக் கோட்டுக்குள் நடுங்கு என்றார் டைரக்டர்.
நாலு பேர் மயங்கி விழுந்தார்கள்.
அதையும் எடுத்துக்கொண்டார்கள்,
தத்ரூபமாக இருந்ததாம்.

எனக்குப் போட்ட பையனுக்கு ஜிம் உடம்பு.
பெயரை மாற்றி,
பால் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு
கையில் கொடியைக் கொடுத்துவிட்டார்கள்.

காலையில் டீக்கடையில்
“பொணத்துக்கு ஒரு ஸ்ட்ராங் டீ” என்றான் மாஸ்டர்.
காசு வாங்கவில்லை.
ட்யூட்டிக்கு வந்து ஏடிஎம் வாசலில் நாற்காலியைப் போட்டேன்.
போன் அடித்தது.
பள்ளிகொண்டா நிர்மலா,
முனிரத்தினத்தின் வீட்டுக்காரி.

நாவலில் முனிரத்தினம் ஒரு வரி:
அன்றிரவு ஏழாம் நம்பர் வண்டி வந்து சேரவில்லை.
அதற்கு மேல் எழுத வரவில்லை என்று
ஒருமுறை குடித்துவிட்டுச் சொன்னான் ஏகாம்பரம்.
தொடரில் அந்த ஒரு வரியும் இல்லை.

விளக்கே போடக்கூடாத மலைப்பாதை அது.
போட்டால் எதிர்மலையிலிருந்து ஷெல் வரும்.
முன்வண்டியின் பின்னச்சு உருண்டையில்
வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கும்.
பின்னால் வருகிறவனுக்கு
ரோடு, திசை, சாமி எல்லாம் அந்த வெள்ளைதான்.

ஆறாம் நம்பர் என்னுடையது.

கொண்டை ஊசி வளைவில் நான் திரும்பினேன்.
தூங்கிவிட்டான் என்று ரிப்போர்ட் எழுதினார்கள்.
இருக்கலாம், மூன்று நாளாக யாரும் படுக்கவில்லை.
கிளம்புவதற்கு முன்னால்
அந்த உருண்டையில் ஒட்டியிருந்த சேற்றைத்
துடைத்தேனா என்று
எனக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

“அண்ணா, பாத்தேன்.
நீங்க செத்தது நல்லா இருந்திச்சி.
எம் பொண்ணுகூட அழுதுச்சி.
அவரு எந்த எபிசோட்ல வருவாரு?”

உள்ளே யாரோ பணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்,
மிஷின் நோட்டு எண்ணுகிற சத்தம்.

வந்துட்டானேம்மா, என்றேன்.
நான் கொடி புடிச்சிகினு ஓடுறப்ப
பின்னால மலமேல வரிசையா வண்டி போச்சே,
அதுல ஏழாவது.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவள்.
அந்தப் பக்கம் குக்கர் ஒருமுறை கூவி அடங்கியது.

“நானும் எண்ணிகினேதான் இருந்தேன்” என்றாள்.
“எல்லா வண்டிலயும் லைட் எரிஞ்சிதேண்ணா.”