கதவை மூடி வைக்கவும்

முதலில் வந்தது அயனி விடும் பெட்டி.
பர்மா பஜாரில் ஆயிரத்து நானூறு.
விசிறி இல்லை, சத்தமில்லை,
நீலப் பொட்டு ஒன்று மட்டும்.
எத்திராஜ் அதை டிவிக்கு மேலே மாட்டினார்.
பதினைந்து நாளில் சுவரில் ஒரு கரிய வட்டம்,
எண்ணெய்த் தலையை யாரோ
தினமும் சாய்த்து உட்கார்ந்த மாதிரி.
தூசு போகவில்லை. இடம் மாறியிருந்தது.
கிட்டே போனால் ஜெராக்ஸ் கடை வாசனை வேறு.
பியூலா அன்றைக்கும் இருமினாள்.

அடுத்து ஊதாக்கதிர் விளக்கு.
கிருமியைக் கொல்லும் என்றான் கடைப் பையன்.
"எங்க பக்கம் பறக்கறது கரி, தம்பி.
அதுக்கு ஏது உசுரு, கொல்றதுக்கு?"
வாங்கவில்லை.

யூனியன் ஆபீஸ் லோகு
பாம்புச்செடி இரண்டு தொட்டி கொடுத்தார்.
வாரம் ஒருமுறை இலையைத் துடைப்பேன்,
வெள்ளைத் துணி சாம்பலாகத் திரும்பும்.
யார் யாரைச் சுத்தம் செய்கிறோம் என்று
எனக்கும் அதற்கும்
ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.

ஜன்னலில் ஈரத் துண்டு, என் சொந்தக் கண்டுபிடிப்பு.
காலையில் பிழிந்தால் வாளி நிறைய மை.
தண்ணி லாரி வராத நாளில் அதுவும் இல்லை.

கடைசியில் ஹெப்பா.
சீட்டு எடுத்த பணம், ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
உள்ளே மடிப்பு மடிப்பாக வெள்ளைத் தாள்,
புதுப் புடவைக் கொசுவம் போல.
பின்னால் கரித்துண்டு அடைத்த தேன்கூடு.
தாள் தூசுக்கு, கரி நாற்றத்துக்கு.
"கரிக்குக் கரியேவா?" என்று
பக்கத்து வீட்டுத் தேசம்மா சிரித்த சிரிப்பு
மெஷினைவிடச் சத்தம்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.
கைக்குட்டைச் சோதனையில் இதுதான் ஜெயித்தது.
ஃபிரிட்ஜ் மேல் விரித்தது
மூன்று நாள் வெள்ளையாகவே கிடந்தது.
பியூலா ராத்திரியில் இரண்டு முறைதான் எழுந்தாள்.

ஆனால் அதன் நெற்றியில் ஒரு விளக்கு.
நெத்திலி வறுத்தால் சிவக்கும்.
கொசுவத்தி கொளுத்தினால் சிவக்கும்.
மிளகாய் தாளித்தால்
குற்றவாளி நான்தான் என்று அடித்துச் சொல்லும்.
மணலிப் பக்கமிருந்து அந்த வாடை இறங்கி,
அழுகின முட்டையும் கேஸும் கலந்து
தொண்டையில் நகம் வைக்கும்போது
பச்சை.
அமைதியான, படித்த பச்சை.
அது எண்ணுவது தூளை மட்டும்.
ஆவிக்கு அதனிடம் கணக்கில்லை.

கையேட்டில் மூன்றாம் பக்கம்:
அறை முந்நூறு சதுர அடிக்குள் இருக்கட்டும்.
எங்கள் வீடே நூற்றி எண்பது. பாஸ்.
கதவு, ஜன்னல்களை மூடி வைக்கவும்.
அங்கேதான் ஃபெயில்.
எர்ணாவூரில் பகலில் கதவைச் சாத்தினால்
சண்டையா, சாவா என்று விசாரிக்க ஆள் வரும்.
வந்தவர் செருப்போடு
கொஞ்சம் சாம்பலும் உள்ளே வரும்.

போன வெள்ளி ராத்திரி வாடை.
எத்திராஜுக்கு நைட் ஷிப்ட்.
பத்தரைக்குத் தேசம்மா கதவைத் தட்டினாள்,
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.
"இதுங்க மட்டும் உன் மெஷினாண்ட படுத்துக்கட்டும்."
விட்டுவிட்டுப் போய்விட்டாள்.
பின்னாலேயே மூன்றாம் வீட்டு ரஹமத், கைக்குழந்தையோடு.
பாயோடு பாய் ஒட்டிப் போட்டு
கதவை மூடினேன்,
கையேட்டில் சொன்னபடி.
ஒரு மெஷின். ஆறு மூக்கு.

மூன்று மணி இருக்கும்.
தூசு இல்லை. நாற்றம் பாதிதான்.
பிள்ளைகள் வியர்வையில் தொப்பலாகக் கிடந்தார்கள்.
இருக்கிற காற்றைத்தான் அது கழுவும்,
புதிதாக ஒரு பிடி தராது.
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.
உடனே திறக்கவில்லை.
கதவிடுக்கில் மூக்கை வைத்து
முதலில் மோந்து பார்த்தேன்.