புள்ளடி

பத்தரைக்குச் சுகிர்தன் அழைக்கிறான்.
அங்கே நடுச்சாமமாம், பனியாம்.
"வெண்டிட்டம் அக்கா!
மூண்டு வயசுக் கட்சி,
முன்னூத்திப் பதினொரு வாக்கு."

தோளில் போனை இடுக்கிக்கொண்டு
கணவாய் கிழிக்கிறேன்.
எத்தனை இடமடா?
"இடைத்தேர்தல் அக்கா. ஒரே ஒரு கதிரை."
ஒரு கதிரைக்கா இந்தக் கூத்து?

விரலில் மை வைப்பாங்களோ?
"இல்லை. பென்சிலால் ஒரு புள்ளடி,
அவ்வளவுதான்."

மண்டபம் முகாமுக்கு வந்தபோது
அவனுக்கு ஒன்பது வயசு.
இங்கே தேர்தலென்றால்
எங்களுக்கு
கம்பெனி லீவு, சம்பளமில்லை.

தொகுதியின் பேர் சொன்னான்,
என் வாயில் நுழையவில்லை.
சூப்பர்வைசர் பார்க்கிறான், வை.

கிலோவுக்கு ஏழு ரூபாய்.
எலுமிச்சை தேய்த்தும்
இடது சுட்டுவிரல் நகக்கண்ணில்
கறுப்பு நிற்கிறது.
திங்கட்கிழமைக்குள் போய்விடும்.
திங்கட்கிழமையும் கணவாய்தான்.